சைபீரியா நாத்தனாரும் நாமக்கோழியின் தூக்கமும்

ஒரு காட்டில் ஒரு நாமக்கோழி வாழ்ந்து வந்தாள் என்று சொன்னால் அது பொய். வேலை பார்த்து வந்தாள் என்பதே சரி. காட்டுக்கு நடுவில் ஓர் ஏரி, ஏரியில் நாணல், நாணலுக்குள் மிதக்கும் கூடு. அந்தக் கூட்டில் கரேலென்ற உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக, எந்நேரமும் எதையாவது கழுவிக்கொண்டோ கிண்டிக்கொண்டோ இருப்பவள்தான் நம் கதாநாயகி குமுதவல்லி. அவளுக்கு ஒரு கணவன் உண்டு. பெயர் வரதன். அவனும் கூட்டில்தான் இருப்பான். அவனைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும். அவன் செய்துகொண்டிருந்ததும் அவ்வளவுதான்.

நாமக்கோழிகளில் இரண்டு வகை உண்டு. ஏரியிலேயே பிறந்து ஏரியிலேயே கிடப்பவை ஒரு வகை. சைபீரியாவில் குடியேறி, அங்கே தண்ணீர் உறைந்து கால் விறைத்ததும் சொந்த பந்தங்களின் நினைவு பொங்கிவந்து இங்கே பறந்து வருபவை இன்னொரு வகை. அங்கே வெயில் அடிக்கும்போது அந்தப் பாசம் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. வரதனின் அக்கா சாருமதி இந்த இரண்டாம் வகை. கார்த்திகை முடியும்போது கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினால், மாசியில்தான் கிளம்புவாள். வரும்போது ஒரு பை பைன் கொட்டை கொண்டுவருவாள். எந்த அலகாலும் உடைக்க முடியாத கொட்டை. அதைத் தம்பி பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, கூட்டை எடுத்துக்கொள்வாள்.

"குமுதா, எங்களுக்காக எதுவும் மெனக்கெடாத. நாங்க என்ன விருந்தாளியா?" என்பாள் சாருமதி, குமுதவல்லியின் படுக்கையில் காலை நீட்டியபடி. "சிம்பிளா ஒரு பாசிக் கூட்டு, நத்தை வறுவல், நண்டு ரசம், போதும். பிள்ளைங்களுக்கு மட்டும் தனியா காரமில்லாம பண்ணிடு. எங்க வீட்டுக்காரருக்குப் பூண்டு ஆகாது, அவருக்குத் தனி ரசம். எனக்கு ஒண்ணுமே வேணாம். நான் டயட். எனக்கு அல்லிக்கிழங்கை ஆவியில வேகவெச்சு, கொஞ்சமா தேங்காய் துருவிப் போட்டுக் குடுத்தாப் போதும்."

விருந்தாளிகள் மட்டும் என்றால் பரவாயில்லை. வருடக் கடைசி என்பது தனியாக வருவதில்லை. மார்கழி பிறந்துவிட்டதால் விடிவதற்கு முன்னால் எழுந்து தாமரை இலையில் கோலம் போட வேண்டும். வாத்து வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் கேக் வரும். கேக் வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க முடியாது, அதற்கு எதையாவது பொரிக்க வேண்டும். சைபீரியாப் பிள்ளைகளுக்கு எருமை மேல் சவாரி காட்ட வேண்டும். எருமையைக் காட்டினால் நாற்றமடிக்கிறது என்பார்கள், அதற்கு எருமையிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் புத்தாண்டு வாழ்த்துகள் வந்து குவியும். பதில் போடாவிட்டால் வரதனின் சொந்தத்தில் யாராவது ஒருவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். எல்லாம் முடிந்து குமுதவல்லி படுக்கலாம் என்று பார்த்தால், கூட்டில் இடம் இருக்காது. ஒரு நாணல் தண்டில் ஒற்றைக்காலில் நின்றபடியே கண்ணை மூடுவாள். மூடியதும் யாராவது தண்ணீர் கேட்பார்கள். ஏரிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்பார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், பாசி அள்ளக் கரையோரம் போனவள், ஒரு கல்லின்மேல் நின்றபடி தூங்கிப்போனாள். சறுக்கிக் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. கண் விழித்தபோது இரண்டு பல்வரிசைக்கு நடுவில் கிடந்தாள்.

"அம்மா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. "வாயை மூட முடியல."

குமுதவல்லி பதறியடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முதலை. கழுத்தில் துளசிமணி மாலை, நெற்றியில் பட்டையாகச் சந்தனம்.

"மன்னிச்சிடுங்க. தெரியாம தூங்கிட்டேன்."

"நான் மலைக்கு மாலை போட்டிருக்கேம்மா. விரதம். அதனால தப்பிச்சீங்க," என்றார் முதலைச்சாமி. "ஜோதி பாத்துட்டு வந்து மாலையைக் கழட்டிட்டேன்னு வெச்சுக்கங்க, நான் வேற ஆளு. தை பொறந்தப்புறம் இப்படி வந்து விழுந்தீங்கன்னா, மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

அந்த ஏரியில் அவளிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசிய ஒரே ஆள் அவர்தான். குமுதவல்லி நன்றி சொல்லிவிட்டுப் பாசியை அள்ளிக்கொண்டு நடந்தாள். மாசிக்கு முன்னால் தை வந்துவிடும். இது புரிய நாமக்கோழிக்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. தை பிறப்பதற்குள் அவள் வயிறாரச் சாப்பிடுவதுபோல ஒரு தூக்கம் தூங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு நாள் இதே கல்லில் நிற்பாள், இதே வாய்க்குள் போவாள், அப்போது யாரும் வெளியே வரச் சொல்ல மாட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அந்த வாய்க்குள் கிடந்த கொஞ்ச நேரம்தான் அந்த மாதத்திலேயே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் ரசம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள். "என்னங்க, நான் இன்னிக்கு முதலை வாய்க்குள்ள தூங்கிட்டேங்க."

வரதன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டயர்டா இருந்தா ரெஸ்ட் எடுத்துக்க வேண்டியதுதானே குமுதா? யாரு வேணாம்னா?"

"எங்க படுக்கறது? கூட்டுல அண்ணி படுத்திருக்காங்க."

"அவங்க எந்திரிச்சதும் படு."

"அவங்க எந்திரிச்சதும் டிபன் கேப்பாங்க."

"டிபன் குடுத்துட்டுப் படு."

"டிபன் குடுத்தா பிள்ளைங்க குளிக்கணும்பாங்க."

"சரி, எல்லாம் முடிச்சிட்டு நிதானமாப் படு. நான் என்ன உன்னைத் தடுக்கறேனா?"

எவ்வளவு தாராளம் பாருங்கள். எல்லா வழியையும் திறந்துவிட்டான், எல்லா வழியும் அடுப்படியில் போய் முடிந்தது. ஆனாலும் அவன் மனைவிமேல் அக்கறை இல்லாதவன் அல்ல. அன்று மாலையே அவள் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். தாமரைப்பூவுக்கு மேல் ஓர் ஆமை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. கீழே எழுதியிருந்தது: ‘வருடக் கடைசிக் களைப்பா? உங்களை நீங்களே மென்மையாக அணைத்துக்கொள்ளுங்கள். அன்புடன், சாந்தமூர்த்தி.’ இரண்டடி தள்ளி நின்றிருந்த மனைவிக்கு இதை அனுப்பிவிட்டு, பார்த்தாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அட, ஆமையாரா!" என்று எட்டிப் பார்த்தாள் சாருமதி. "எங்க ஊர்லயே அவரைக் கேக்கறாங்க. உனக்கு வந்திருக்கறது என்ன தெரியுமா குமுதா? ஹாலிடே ஃபட்டீக். எங்க ஊர்ல இதுக்குப் பேரே இருக்கு. நம்ம ஊரு பொண்ணுங்களுக்குத் தன்னைத்தானே கவனிச்சுக்கத் தெரியல, அதான் பிரச்சினை. அடுத்தவங்களுக்குச் செஞ்சுக்கிட்டே இருக்கீங்க, ஏன்? பாத்தாலே பாவமா இருக்கு. இந்த டீ ஆறிப்போச்சு, கொஞ்சம் சூடு பண்ணிக் குடேன்."

மறுநாள் நாத்தனாரின் வற்புறுத்தலில் குமுதவல்லி ஆமையாரின் பயிலரங்குக்குப் போனாள். ஓய்வெடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வெயிலில் வரிசை நின்றது. முன்னால் காட்டுப்பன்றி செவந்தி, பின்னால் ஒரு மந்தி, இடுப்பிலும் முதுகிலும் குட்டிகளோடு. அப்புறம் மான், கீரி, உடும்பு. எல்லாம் பெண்கள். ஆண்கள் யாரும் வரவில்லை. அவர்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதாவது வீட்டில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றபடியே செவந்தி தூங்கி முன்னால் விழ, மான் அவளைத் தாங்கிப் பிடித்தாள். "எங்க வீட்டுல மாமியார் வழிச் சொந்தம் மொத்தமும் வந்திருக்கு," என்றாள் செவந்தி, வாயைத் துடைத்துக்கொண்டு. "கிழங்கு தோண்டித் தோண்டி என் மூஞ்சியே தேஞ்சுபோச்சு குமுதா."

ஆமையார் சாந்தமூர்த்தி பாறைமேல் எழுந்தருளினார். குரல் நெய்யில் முக்கி எடுத்ததுபோல இருந்தது.

"களைப்பு என்பது எதிரி அல்ல. அது உங்கள் உடம்பு உங்களுக்கு எழுதும் காதல் கடிதம். நான் களைத்தால் என்ன செய்வேன்? பாருங்கள்." என்று சொல்லிவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. காத்திருந்தது. உள்ளேயிருந்து மெல்லக் குறட்டை கேட்டது. பயிற்சி அவ்வளவு ஆழமானது என்று நினைத்து முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர், "இதுதான். இவ்வளவுதான்," என்றார்.

"எங்களுக்கு ஓடு இல்லையே, ஐயா?" என்று கேட்டாள் குமுதவல்லி.

ஆமையார் அவளைப் பார்த்துப் பரிவோடு புன்னகைத்தார். "ஓடு வெளியே இல்லை, மகளே. உனக்குள்ளே இருக்கிறது."

கைதட்டல் ஓயவே இல்லை. தனக்குள்ளே இருப்பது பசியும் முதுகுவலியும்தான் என்று குமுதவல்லிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவ்வளவு பேர் கைதட்டும்போது தனக்கு மட்டும் ஏதோ புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவளும் இறக்கையைத் தட்டினாள். மென்மையான சுயகவனிப்புக்கு ஆமையார் சொன்ன குறிப்புகளை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள்.

முதல் குறிப்பு, இதமான குளியல். ஏரியிலேயே குடியிருப்பவள் இதமாகக் குளிக்க ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். "அத்தை குளிக்கறாங்க!" என்று கத்திக்கொண்டு சைபீரியாப் பிள்ளைகள் அவள் தலைமேலேயே குதித்தன. அடுத்தது, நறுமண மெழுகுவத்தி. காய்ந்த நாணலில் கட்டிய கூட்டில் மெழுகுவத்தி ஏற்றினால் என்ன ஆகும்? கூட்டின் ஒரு பக்கம் எரிந்தது. அணைத்தது அவள், மறுபடி முடைந்தது அவள், ‘பொறுப்பே இல்லை’ என்று பேச்சு வாங்கியதும் அவள். காலையில் எழுந்ததும் உலகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. எழுந்தால்தானே? அதற்குத் தூங்கியிருக்க வேண்டுமே.

கடைசிக் குறிப்பில்தான் அவள் நிஜமாகவே நம்பிக்கை வைத்திருந்தாள். அன்போடு மறுக்கப் பழகுங்கள் என்று ஆமையார் சொல்லியிருந்தார். ரொம்ப யோசித்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு, சாருமதி முன்னால் போய் நின்றாள்.

"அண்ணி, எனக்கு உடம்பு அசதியா இருக்கு. இன்னிக்கு என்னால சமைக்க முடியாது."

சாருமதியின் முகம் மலர்ந்தது. "அடடா! எவ்வளவு அழகா சொல்ற! இதைத்தான் நான் உன்கிட்ட எதிர்பார்த்தேன் குமுதா. வரதா, பாத்தியா, உன் பெண்டாட்டி எப்படி நோ சொல்றா! சொன்னதும் மனசு லேசா இருக்குல்ல?"

"ஆமா, அண்ணி."

"இருக்கும். இனிமே வேலை பாக்கறதுக்கே தெம்பா இருக்கும் பாரு. போ, போய் அடுப்பைப் பத்தவெய்."

குமுதவல்லி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வெங்காயம் உரித்துக்கொண்டே அழுததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

புத்தாண்டை வரவேற்க ஏரிக்கரையில் ஆமையார் ஒரு சுயகவனிப்பு முகாம் ஏற்பாடு செய்தார். பகல் முழுக்கக் கண்ணை மூடி உட்கார்ந்து போன வருஷத்தை மென்மையாக வழியனுப்ப வேண்டுமாம். சாருமதி குடும்பமே பெயர் கொடுத்தது. குமுதவல்லியும் ஆசைப்பட்டாள். கண்ணை மூடி உட்காரச் சொல்கிறார்களே, அப்படியே தூங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். ஆனால் முகாமுக்கு வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு வேண்டும். "சமையல்தானே? நம்ம குமுதா பாத்துப்பா," என்று ஆமையாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான் வரதன். வந்து அவளிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தான். "உனக்கு எவ்வளவு நல்ல பேரு தெரியுமா?"

முகாம் நன்றாக நடந்தது. உள்ளே எல்லாரும் மூச்சை இழுத்து விட்டார்கள், வெளியே குமுதவல்லி அண்டா கிளறினாள். சாப்பிடும்போது ஆமையார் கண்ணை மூடி, இந்த உணவை அளித்த சூரியனுக்கும் மழைக்கும் பிரபஞ்சத்துக்கும் நன்றி சொல்லச் சொன்னார். எல்லாரும் சொன்னார்கள். சூரியனும் மழையும் பிரபஞ்சமும் யாருடைய தட்டையும் கழுவவில்லை. கரையில் உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்த குமுதவல்லி அப்படியே முன்னால் சாய்ந்து தண்ணீருக்குள் போனாள்.

முதலைச்சாமி மூக்கால் நெம்பி அவளைக் கரையில் தள்ளினார். "அம்மா, இப்படியே பண்ணிக்கிட்டிருந்தா எப்படி? தை நெருங்குது. எனக்கே மனசு கஷ்டமா இருக்கு. ஆனா பசின்னு வந்துட்டா எனக்கு மனசு வேலை செய்யாது."

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. செத்துப்போனால்கூட, "பாவம் குமுதா, தன்னைத்தானே சரியாக் கவனிச்சுக்கல," என்றுதான் இவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு, காரியத்துக்கு யார் சமைப்பது என்று கேட்பார்கள். அதற்கும் அவளைத்தான் தேடுவார்கள்.

மறுநாள் காலை டிபனுக்கு அல்லிக்கிழங்கு தோண்ட நாணல் புதருக்குள் இறங்கினாள். அந்தச் சேற்றில் அட்டைகள் அதிகம். மற்ற நாளாக இருந்தால் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பாள். அன்று வைக்கவில்லை. காலிலும் கழுத்திலும் கடித்துத் தொங்கிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கிழங்கோடு வந்து கூட்டில் ஏறினாள்.

"அத்தை, உங்க கால்ல என்ன சிவப்பு சிவப்பா?" என்றது சாருமதியின் சின்னது.

சாருமதி திரும்பிப் பார்த்தாள். கால் நிறையச் சிவப்புப் புள்ளிகள். கழுத்திலும் புள்ளிகள். தூக்கமில்லாத கண்கள் வேறு ரத்தமாகச் சிவந்திருந்தன. சாருமதி படுக்கையிலிருந்து எழுந்தாள். அவள் வந்ததிலிருந்து அவ்வளவு வேகமாக எழுந்ததே இல்லை.

"அக்கா, தொடாத!" என்றான் வரதன். அவன் குரல் சட்டென்று தாழ்ந்து பயபக்தியாக மாறியது. "அம்மா வந்திருக்காங்க."

வேறு எந்த ஊரிலும் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். டாக்டர் ஒரு பார்வையிலேயே அட்டைக்கடி என்று சொல்லியிருப்பார். நம் ஊரில் அம்மை என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் கிட்டப் போய் உற்றுப் பார்க்கும் வழக்கம் இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்வதுதான் வழக்கம்.

‘அட்டை கடிச்சதுங்க’ என்ற உண்மை குமுதவல்லியின் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அவள் கண்ணில் படுக்கை பட்டது. காலியாக இருந்தது. நாணல் பூவால் அவளே முடைந்த மெத்தை, கார்த்திகையிலிருந்து அவள் முதுகு படாத மெத்தை.

"நேத்துலேர்ந்தே உடம்பு காயுதுங்க," என்றாள்.

அவ்வளவுதான். வரதன் பறந்துபோய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து கூட்டு வாசலில் செருகினான். மெத்தையில் வேப்பிலையைப் பரப்பினான். பிள்ளைகளைச் சத்தம் போடக்கூடாது என்று அதட்டினான், பிறகு அதட்டவும் கூடாது என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். வீட்டில் தாளிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது, பொரிக்கக்கூடாது. குமுதவல்லி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மெதுவாக மெத்தையில் சாய்ந்தாள்.

சாருமதி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் வைரஸ் வரதா. சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்கள்லாம் சயின்ஸை நம்பறவங்க."

"அக்கா, அம்மா வந்திருக்கற வீட்டுலேர்ந்து தலைக்குத் தண்ணி ஊத்தாம யாரும் கெளம்பக் கூடாதுன்னு சொல்லுவாங்களே?"

"அது நம்பறவங்களுக்குடா!" என்றபடியே குடும்பத்தோடு எழும்பிப் பறந்தாள் சாருமதி. பைன் கொட்டைப் பையைக்கூட மறந்துவிட்டுப் போனாள்.

கூடு அமைதியாக இருந்தது. வரதன் இரண்டு இறக்கையையும் கூப்பியபடி வந்து நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் கேட்காத ஒன்றை அன்று கேட்டான்.

"தாயே, உங்களுக்கு என்ன வேணும்?"

"தூக்கம்," என்றாள் குமுதவல்லி.

"உத்தரவு தாயே," என்று பின்னோக்கியே நடந்து வெளியே போனான்.

அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ‘தாயே, உன் பேரைச் சொல்லிப் படுத்துட்டேன், மன்னிச்சுக்கோ,’ என்று மனசுக்குள் நிஜமான தாயிடம் சொல்லிக்கொண்டாள். ‘ஊரெல்லாம் திருவிழா நடத்தி உன்னையும் ராத்திரி பகலா நிக்க வெக்கறாங்க. உனக்குத் தெரியாததா?’ பதில் எதுவும் வரவில்லை. தடுக்கவும் இல்லை. அவள் தூங்கினாள். கால் இரண்டையும் நீட்டி, கழுத்தை மடக்கி, வாயைத் திறந்து, எச்சில் வழியத் தூங்கினாள். விழித்தாள், இளநீர் குடித்தாள், மறுபடி தூங்கினாள். எத்தனையோ மார்கழிக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

வரதன் கஞ்சி காய்ச்சினான். முதல் கஞ்சி கரிந்தது, அடுத்தது குழைந்தது, அதற்கடுத்தது கஞ்சி மாதிரி இருந்தது. பத்தியக் கஞ்சிக்கு உப்பு கூடாது என்பது அவன் அதிர்ஷ்டம், உப்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. கோலம் போட்டான். அண்டா தேய்த்தான். வாத்து வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போய், அதில் என்ன வைப்பது என்று தெரியாமல், பைன் கொட்டையை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஒருநாள் செவந்தி வந்து முறைப்படி தூரத்திலேயே நின்றாள். தூங்கித் தெளிந்த குமுதவல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வரதன் தண்ணீர் மொள்ளப் போன நேரமாகப் பார்த்துக் கிட்டே வந்தாள்.

"நெஜமாவே அம்மையா குமுதா?"

பெண்ணிடம் பெண் எத்தனை பொய்தான் சொல்வது? "அட்டை," என்றாள் குமுதவல்லி. "நாணல் புதர்ல, மேற்கால இருக்கற சேத்துல."

மறுநாள் அந்தச் சேற்றில் வரிசை நின்றது. ஆமையாரின் பயிலரங்குக்கு நின்றதைவிட நீளமான வரிசை. மந்தி குட்டிகளை மரத்தில் விட்டுவிட்டு வந்து இரண்டு காலையும் ஒன்றாக இறக்கினாள். மான் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள். கீரி ஓர் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்த் தன் ஓரகத்திக்கும் கொடுத்தாள். கடைசியில் ஆமையாரின் மனைவி வந்தாள். மெல்லத்தான் வந்தாள், ஆனால் வந்தாள். வருஷம் பூராவும் கணவர் ஓட்டுக்குள் போய்விடும் நேரங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுப்பவள், டீ போடுபவள், செருப்பை அடுக்குபவள். "அட்டை எங்க கடிச்சா நல்லாத் தெரியும்?" என்று கேட்டாள். "கழுத்தை நீட்டுங்க அக்கா," என்றாள் செவந்தி.

காட்டில் வேப்பமரங்கள் மொட்டையாகின. வாசலெல்லாம் வேப்பிலை தொங்கியது. குகையிலும் புதரிலும் பொந்திலும் ஆண்கள் கஞ்சி கிண்டினார்கள், ஒருவரையொருவர் சந்தித்தால் கஞ்சிக்கு எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திரும்பினார்கள். பயிலரங்குப் பாறையில் ஆமையார் தன்னந்தனியாக உட்கார்ந்து, ‘களைப்பு எதிரி அல்ல’ என்று சொல்லிப் பார்த்தார், டீ கொண்டுவர ஆளில்லாததால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார். தை பிறந்தது. முதலைச்சாமி மாலையைக் கழற்றிவிட்டு வந்து கல்லுக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். யாரும் தூங்கி விழவில்லை. வாய் வலித்ததுதான் மிச்சம்.

தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளும் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை வரதனே கொண்டுவந்து ஊற்றினான். கொஞ்சம் இளைத்திருந்தான். நாணல் தண்டில் ஒற்றைக்காலில் நின்று தூங்கித் தூங்கி அவன் கண்ணும் சிவந்திருந்தது. புள்ளிகள் எல்லாம் ஆறி, குமுதவல்லியின் இறகு பளபளவென்று மின்னியது. வரதன் குனிந்து, பயத்தோடும் ஆசையோடும் அவள் முகத்தைப் பார்த்தான்.

"தாயே... அம்மா எறங்கிட்டாங்களா? குமுதா... இப்ப நீதானா?"

குமுதவல்லி அவனைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லலாம். சொன்ன மறுநிமிஷமே அவன் மெத்தையில் விழுந்துவிட்டு, சாயங்காலம் என்ன சமையல் என்று கேட்பான். போன் அடித்து, ‘அக்கா, எல்லாம் சரியாயிடுச்சு, வாங்க’ என்பான். மாசி வருவதற்கு இன்னும் நாள் இருந்தது.

"இல்லடா," என்றாள். "தாயிதான் பேசறேன். இன்னொரு இளநி வெட்டிட்டு வா."

நீதி: களைத்துப் போனவளுக்கு அறிவுரை கிடைக்கும்; ஓய்வு வேண்டுமென்றால், அடுத்தவருக்குத் தொற்றும்படியாக எதையாவது வரவழைத்துக்கொள்ள வேண்டும்.